வரப்பில்லாத வயல்கள்

நான் முதன்முதலாக லாக்ஸ்டன் கிராமத்துக்குப் போனது ஓர் ஆகஸ்டு மாதப் பிற்பகலில். இங்கிலாந்தின் நியூவார்க் நகரில் வேலை கிடைத்துக் குடிவந்து மூன்று மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. நான் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை என்று தெரிந்துகொண்ட அலுவலக நண்பர் ஒருவர், பக்கத்திலேயே இப்படி ஓர் ஊர் இருக்கிறது, இடைக்காலத்தில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் நடந்துவந்த பொதுவயல் விவசாயத்தை இன்றும் கைவிடாமல் வைத்திருக்கும் ஊர் என்று சொல்லி, வழியையும் எழுதிக் கொடுத்தார். ஒரே வயலைப் பல குடும்பங்கள் நீளநீளமான துண்டுகளாகப் பங்கிட்டு, நடுவே வேலியோ வரப்போ இல்லாமல் உழுது பயிரிடுகிறார்கள் என்பதைக் கேட்டதும், பாய் விரித்ததுபோல் வண்ணவண்ணப் பட்டைகளைப் பார்க்கப்போகிறோம் என்ற நினைப்புடன்தான் காரை எடுத்தேன்.

அங்கே நான் கண்டதோ, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரே நிறத்தில் அறுவடைக்கு நின்ற கோதுமை மட்டுமே. பட்டையும் தெரியவில்லை, எல்லையும் தெரியவில்லை. அரைமணி நேரம் சுற்றிவிட்டு ஏமாற்றத்துடன் திரும்பினேன். பிழை ஊருடையது அன்று. பார்க்கத் தெரியாமல் போன என்னுடையது. ஒரு வயல் முழுவதிலும் அந்த ஆண்டு ஒரே வகைப் பயிர்தான் என்பது அந்த ஊரின் சட்டம். ஆகவே விளைந்து நிற்கும் காலத்தில் ஒருவருடைய துண்டையும் அடுத்தவருடைய துண்டையும் வெளியூர்க்காரரால் பிரித்தறிய முடியாது. அதன்பின் கடந்த ஆறு ஆண்டுகளில் பலமுறை போய்வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டவற்றை, அங்கே போக விரும்புகிறவர்களுக்கும், தாம் குடியிருக்கும் ஆங்கிலக் கிராமத்தின் பழங்கதையைத் தோண்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

லாக்ஸ்டன் நாட்டிங்ஹாம்ஷயரில், ஆலர்ட்டன், டக்ஸ்ஃபோர்டு என்ற இரு சிற்றூர்களுக்கு அருகில், கனத்த களிமண் பூமியில் இருக்கிறது. 1086ஆம் ஆண்டில் அரசர் முதலாம் வில்லியம் எடுக்கச்செய்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்பில் இந்த ஊரின் பெயர் உண்டு. ஊருக்கு வடக்கே, நார்மன் காலத்து மண்கோட்டையின் மேடு இன்றும் புல் மூடி நிற்கிறது. அந்த மாவட்டத்தில் இவ்வகைக் கோட்டை மேடுகளில் நன்றாக எஞ்சியிருப்பது இதுதான். ஷெர்வுட் காடு உள்ளிட்ட அரசக் காடுகளைக் காவல்செய்யும் பொறுப்பு இந்தக் கோட்டைக்காரர்களிடம் இருந்தது. முதலில் டி காக்ஸ் குடும்பத்தாரும், அவர்களுக்குப் பின் எவரிங்ஹாம் குடும்பத்தாரும் அதை வகித்தார்கள். தூய மிக்கேல் தேவாலயத்துக்குள் எவரிங்ஹாம்களின் கல் உருவங்களுக்கு நடுவே, ஓக் மரத்தில் செதுக்கிய ஒரு பெண்ணின் உருவம் படுத்திருக்கிறது. நாட்டிங்ஹாம்ஷயரில் இடைக்காலத்திலிருந்து தப்பி வந்த மரச் சிற்பக் கல்லறை உருவம் இது ஒன்றுதான். கல்லைப் பார்த்துவிட்டு அந்த மரத்தின் அருகே போய் நின்றால், மரத்தின் ரேகைகள் அங்கியின் மடிப்புகளோடு சேர்ந்து ஓடுவது தெரியும். அவசரமாகப் போகிறவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். தேவாலயம் திறந்திருந்தால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

கோட்டையும் தேவாலயமும் எத்தனையோ கிராமங்களில் உண்டு. லாக்ஸ்டனுக்கே உரியது வயல். தெற்கு வயல், ஆலை வயல், மேற்கு வயல் என்று மூன்று பெரும் வயல்கள், சேர்த்து ஏறத்தாழ 480 ஏக்கர். ஒரு வயலில் இலையுதிர் காலத்தில் விதைக்கும் கோதுமை, இரண்டாவதில் வசந்தகாலத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு. மறு ஆண்டு ஒவ்வொன்றும் ஒரு படி நகரும். முன்பு தரிசில் ஊர் மந்தை முழுவதும் மேய்ந்தது; இப்போது அங்கே பெரும்பாலும் தீவனப் புல் வளர்கிறது. ஒவ்வொரு குடியானவருக்கும் மூன்று வயல்களிலும் துண்டுகள் உண்டு. நல்ல மண்ணும் கெட்ட மண்ணும், மேடும் பள்ளமும், வெயில் படும் சரிவும் படாத சரிவும் ஒருவரிடமே குவிந்துவிடாமல் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் போய்ச்சேர இதுவே வழி. வேலியிட்டுப் பிரித்த தனி நிலங்களும் ஊரில் உண்டு. ஆனால் பொதுவயலில் பங்கு வைத்திருப்பவர் எல்லாரோடும் சேர்ந்து, எல்லாருக்குமான முறைப்படிதான் பயிர்செய்தாக வேண்டும்.

துண்டுக்கும் துண்டுக்கும் இடையே இருப்பது வெறும் உழவுச் சால்தான். வரப்பு என்பது நம் ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தவர்களுக்கு இது எப்படிப்பட்ட ஏற்பாடு என்பது உடனே உறைக்கும். வரப்பிருந்தும் ஆண்டுக்கு ஒரு மண்வெட்டி அளவு பக்கத்து நிலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறவர்களையும், அதற்காகத் தலைமுறைக்கும் பேச்சை முறித்துக்கொண்ட பங்காளிகளையும் பார்த்து வளர்ந்தவன் நான். வரப்பே இல்லாத ஊரில் பகையில்லாமல் எப்படி நடக்கிறது என்பதுதான் என்னைத் திரும்பத் திரும்ப அங்கே இழுத்தது.

அதற்கு விடை தெரிந்தது ஒரு நவம்பர் மாதத்தில். ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில் ஒருநாள் ‘ஜூரி நாள்’. ஊர்க்குடியானவர்களிலிருந்து முறைப்படி பொறுப்பேற்ற பன்னிரண்டு பேர், தங்களுள் ஒருவரைத் தலைவராகக் கொண்டு, புதிதாகக் கோதுமை விதைத்த வயலைப் பார்வையிடப் புறப்படுகிறார்கள். டிராக்டருக்குப் பின்னால் பூட்டிய டிரெய்லரில் வைக்கோல் கட்டுகளே இருக்கை. துண்டு துண்டாக இறங்கி, சாலையோரத்திலும் பொதுப் புல்தரையோரத்திலும் எவராவது அளவைத் தாண்டி உழுதிருக்கிறாரா, வடிகால் ஓடை தூர்வாரப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நான் போன ஆண்டு முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்ததால், டிரெய்லருக்குப் பின்னால் நடந்துவர விட்டார்கள். ஓரிடத்தில் நின்றார்கள். ஒருவர் எல்லைக்கோட்டில் கண்ணை வைத்துத் தூரத்தில் நின்ற மற்றொருவருக்குக் கையசைத்து இடம் சொன்னார். மூன்றாமவர் கூராகச் சீவிய மரமுளையை அங்கே நிறுத்தி, சம்மட்டியால் அடித்து இறக்கினார். முளைக்கு இப்பால் பச்சைத் துளிர்கள் ஓர் அடி அகலத்துக்கு வெளியே வந்திருந்தன. எவரும் குரலை உயர்த்தவில்லை. யாருடைய துண்டு என்று தலைவர் காகிதத்தில் குறித்துக்கொண்டார். அடுத்த இடத்துக்குப் போனார்கள். அந்தத் துண்டின் சொந்தக்காரர் எங்களோடு நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்கு மதியம்தான் தெரியும்.

பிற்பகலில் டவ்கோட் இன் என்ற ஊர் மதுவிடுதியில் சாப்பாடு. அங்கே அமர்ந்து, அன்று கண்டவற்றுக்கு என்ன அபராதம் என்று முடிவுசெய்கிறார்கள். அடுத்த வாரம் அதே விடுதியில் ‘கோர்ட் லீட்’ என்ற ஊர்மன்றம் கூடுகிறது. நிலவுடைமையாளரின் சார்பாக ஸ்டூவர்ட் எனப்படும் அதிகாரி தலைமை வகிக்க, ஜூரியின் அறிக்கை அனைவர் முன்னிலையிலும் வாசிக்கப்படுகிறது. அடுத்த ஆண்டுக்குரிய வயலுக்குப் புதிய ஜூரி உறுதிமொழி எடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் இத்தகைய மன்றங்கள் ஒருகாலத்தில் எங்கும் இருந்தன. பெரும்பாலானவற்றின் அதிகாரத்தை 1977ஆம் ஆண்டின் சட்டம் முடித்துவைத்தது. இன்று வேளாண்மை தொடர்பாக உண்மையான அதிகாரத்துடன் நடப்பது லாக்ஸ்டனுடையதுதான். அபராதம் சிறு தொகையே. எல்லார் காதிலும் பெயர் விழும்படி வாசிக்கப்படுகிறதே, அதுதான் கனம்.

இந்த ஊர் மட்டும் எப்படித் தப்பியது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1604க்கும் 1914க்கும் இடையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு நிலத்தைப் பொதுப்பயன்பாட்டிலிருந்து தனி உடைமையாக்கின. லாக்ஸ்டனிலும் ஒரு பகுதி நிலம் வேலிக்குள் போயிற்று. ஆனால் ஊரில் நிலம் வைத்திருந்த மேன்வர்ஸ், ஸ்கார்பரோ என்ற இரு பெரும் பிரபுக் குடும்பங்களுக்குள் உடன்பாடு எட்டாததால் முழு நிலத்தையும் வேலியடைப்பது தள்ளிக்கொண்டே போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேன்வர்ஸ் குடும்பம் சிதறிக்கிடந்த சிறு துண்டுகளைச் சேர்த்து அகலமாக்கியது. அதனால்தான் இன்றைய துண்டுகள் பழையவற்றைவிடப் பெரியவை. 1952இல் இந்த முறை அழியக்கூடாது என்பதற்காகவே அரசின் வேளாண் அமைச்சகம் நிலத்தை விலைக்கு வாங்கியது. 1981இல் அது அரச நிலங்களைக் கவனிக்கும் கிரௌன் எஸ்டேட் நிர்வாகத்துக்குப் போய், 2020இல் மேன்வர்ஸ் வழிவந்த தோர்ஸ்பி குடும்ப எஸ்டேட்டுக்கே திரும்பியது. பெரியவர்களின் பிணக்கு சிறியவர்களின் வயலைக் காப்பாற்றியது என்று இதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆயினும் பிணக்கு காலத்தைத்தான் வாங்கித் தந்தது. வயலைக் காப்பாற்றியவர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் குளிரில் இறங்கி நடந்த பன்னிரண்டு பேர்தான் என்பதே என் எண்ணம்.

இனி, போகிறவர்களுக்குச் சில சொற்கள். பயிர் உயர்ந்து நிற்கும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் போனால் எனக்கு நேர்ந்ததே உங்களுக்கும் நேரும். அக்டோபர் இறுதியிலிருந்து மார்ச் வரை, வெயில் சாய்வாக விழும் காலையிலோ பிற்பகல் மூன்று மணி வாக்கிலோ போங்கள். அந்த ஒளியில்தான் பழைய புல்வெளிகளில் அலையலையாக ஓடும் மேடும் சாலும் நிழல் பிடித்துத் தெரியும். நூற்றாண்டுக் கணக்காக ஏர் ஒரே திசையில் மண்ணைப் புரட்டிப் போட்டதால் எழுந்த மேடுகள் அவை. களிமண்ணில் மழைநீர் வடிய அந்தச் சால்களே வழி. அவை நேர்கோடாக இல்லாமல் மெல்ல வளைந்திருப்பதைக் கவனியுங்கள். பல எருதுகள் பூட்டிய நீண்ட ஏரை நிலத்தின் முடிவில் சட்டென்று திருப்ப முடியாது. முன்கூட்டியே வளைக்கத் தொடங்கவேண்டும். அந்தத் திருப்பம்தான் மண்ணில் அப்படியே தங்கிவிட்டது.

அந்த மேட்டில் நின்றபோதுதான் ஓர் எளிய உண்மை எனக்குப் பிடிபட்டது. எங்கள் ஊரில் அப்பா ‘கடைத்தெரு இரண்டு பர்லாங்’ என்பார். நெடுஞ்சாலையோரத்தில் பர்லாங் கல் நிற்கும். அந்தச் சொல் இப்படிப்பட்ட வயலில் பிறந்தது: ஏர் ஒரே மூச்சில் இழுக்கும் ஒரு சாலின் நீளமே பர்லாங், 220 கஜம். அதே நீளத்துக்கு 22 கஜம் அகலமுள்ள துண்டு ஓர் ஏக்கர். ஓர் ஏர் ஒருநாளில் உழக்கூடியதாகக் கொள்ளப்பட்ட அளவு அது. நம் பத்திரங்களிலும் சிட்டாவிலும் தினமும் புழங்கும் ஏக்கர் என்ற சொல்லுக்குள் எருதுகளின் ஒருநாள் களைப்பு இருக்கிறது என்பதை நான் கற்றது ஆயிரக்கணக்கான மைல்கள் தாண்டி, முழங்கால்வரை சேற்றில் நின்றுகொண்டுதான்.

சேறு என்பதை அலங்காரமாகச் சொல்லவில்லை. அந்த மண் நனைந்தால் காலைப் பிடித்து இழுக்கும். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இல்லாமல் குளிர்காலத்தில் போகவேண்டாம். கைப்பேசியை மட்டும் நம்பாமல், ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கோடுகளில் காட்டியிருப்பவை பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள். வயலுக்குக் குறுக்கே போகும் பாதை உழப்பட்டிருந்தால், விவசாயி அதைக் குறித்த நாட்களுக்குள் மீண்டும் நடக்கத்தக்கதாக்க வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டின் சட்டம். ஆகவே கோடு இருக்கும் இடத்தில் தயங்காமல் நடக்கலாம். கோடு இல்லாத இடத்தில் கால் வைக்கக்கூடாது. நான் இரண்டாம் முறை போனபோது, வெறும் மண் என்று நினைத்து முளைவிட்ட கோதுமையின் மேல் இருபது அடி நடந்துவிட்டேன். டிராக்டரை நிறுத்தி இறங்கி வந்த பெரியவர் கோபிக்கவில்லை. குனிந்து, நகத்தளவு துளிரை விரலால் விலக்கிக் காட்டினார். நாற்றங்காலில் மிதித்துவிட்ட பிள்ளையைப்போல் நின்றேன். நடக்க வேண்டிய இடம் எது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார்: ‘சைக்’.

சைக் என்பது உழ முடியாத அளவுக்கு ஈரமாகவோ சரிவாகவோ இருப்பதால் காலங்காலமாகப் புல்லாகவே விடப்பட்ட, வயல்களுக்கு நடுவே நெளிந்து போகும் பொதுத் தரை. அதன் புல் ஆண்டுதோறும் ஊருக்குள் ஏலம் விடப்படுகிறது. ஏலம் எடுத்தவர் வெட்டிக் காய்ந்த புல்லாக்கிக்கொள்கிறார். கலப்பை படாத மண் என்பதால் வேறெங்கும் அருகிவிட்ட காட்டுப் பூச்செடிகள் அங்கே தங்கியிருக்கின்றன. அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடமாகச் சட்டப்படி பாதுகாப்பும் பெற்றிருக்கிறது. லாக்ஸ்டனுக்குக் கோடையில் போக ஒரு காரணம் உண்டென்றால் அது இந்தப் பூக்கள்தான். புல் வெட்டுவதற்கு முன், ஜூன் மாதத்தில் போக வேண்டும்.

ஊருக்குள் நடக்கும்போது வீடுகள் நிற்கும் விதத்தையும் பாருங்கள். பல பண்ணை வீடுகள் தெருவுக்குப் பக்கச் சுவரைக் காட்டிக்கொண்டு, பின்னால் நீளும் ஒடுக்கமான மனையில் தொழுவமும் களஞ்சியமும் வரிசையாக வர நிற்கின்றன. மற்ற கிராமங்களில் வேலியடைப்புக்குப் பின் பலர் தங்கள் நிலத்தின் நடுவிலேயே வீடு கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். இங்கே ஒவ்வொருவருடைய நிலமும் மூன்று திசைகளில் கிடந்ததால் ஊர்த்தெருவே எல்லாருக்கும் நடுவிடமாக இருந்தது. எவரும் வெளியேறக் காரணம் இல்லை. வழிதவறி மேய்ந்த மாடுகளை அடைத்துவைத்த பழைய கொண்டித்தொழுவும் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

லாக்ஸ்டனில் கற்ற வழிகளை இங்கிலாந்தின் எந்தக் கிராமத்துக்கும் பயன்படுத்தலாம் என்பது என் அனுபவம். முதலில் வரைபடத்தைத் தேடுங்கள். லாக்ஸ்டனுக்கு 1635இல் சர் வில்லியம் கோர்ட்டன் என்ற இலண்டன் வணிகருக்காக மார்க் பியர்ஸ் வரைந்த அற்புதமான நிலப்படம் இருக்கிறது; துண்டு துண்டாக நிலங்களைக் காட்டுவதோடு, உழுகிறவர்களையும் வேட்டைக்காரர்களையும்கூடச் சின்னச் சின்ன உருவங்களாக வரைந்திருக்கிறார். மூலம் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் உள்ளது. எல்லா ஊருக்கும் அப்படி ஒன்று கிடைக்காது. ஆனால் வேலியடைப்பின்போது வரையப்பட்ட தீர்ப்புப் படமோ, 1836ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து தேவாலய வரிக்காக வரையப்பட்ட டைத் படமோ பெரும்பாலான ஊர்களுக்கு மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும். டைத் படத்தோடு வரும் பட்டியலில் ஒவ்வொரு வயலின் பெயரும், உடைமையாளரும், பயிர்செய்தவரும் எழுதப்பட்டிருப்பார்கள். தேவாலயப் பதிவேடுகளுக்கு 1538இல் ஆணை பிறந்தது. மக்கள்தொகைக் கணக்கில் வீட்டு ஆட்களின் பெயர்களை 1841 முதல் தேடலாம். நூறாண்டு மூடிவைக்கும் விதிப்படி 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022இல்தான் திறக்கப்பட்டது. காப்பகத்துக்குப் பென்சில் மட்டுமே எடுத்துச் செல்லுங்கள். பேனாவை உள்ளே விடமாட்டார்கள்.

இரண்டாவது, ஊர்ப் பெரியவர்களிடம் பேசும் முறை. தொடக்கத்தில் நான் கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டு போய்க் கேட்டேன்; மரியாதையாக, ஓரிரு சொற்களில் பதில் சொல்லிவிட்டு விலகினார்கள். பிறகு ஒருமுறை பழைய நிலப்படத்தின் நகலை டவ்கோட் விடுதி மேசையில் விரித்துவைத்து நானே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இருந்தவர் எழுந்து வந்து, ஓரிடத்தில் விரலை வைத்து, அங்கே தன் தாத்தா குதிரையால் உழுததையும், ஒரு மழையாண்டில் ஓடை உடைந்து விதை முழுவதும் போனதையும் சொன்னார். கால்மணி நேரத்தில் நால்வர் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டதில்தான் எனக்குப் பாதி வரலாறு கிடைத்தது. ஒலிப்பதிவுக் கருவியை எடுக்காதீர்கள். வெளியே வந்து காரில் உட்கார்ந்து உடனே எழுதிக்கொள்ளுங்கள். ஜூரி நாளுக்கோ மன்றத்துக்கோ போக விரும்பினால் பல வாரங்களுக்கு முன்பே கேட்டு எழுதுங்கள். அது அவர்களுடைய வேலைநாள் என்பதை மனத்தில் வைத்து, கேட்டால் ஒழியப் பேசாமல் பின்னால் நில்லுங்கள்.

அந்த ஆண்டு மன்றத்திலும் கதவருகே நிற்க எனக்கு இடம் கொடுத்தார்கள். ஓர் அடி தாண்டி உழுதவரின் பெயரை ஸ்டூவர்ட் வாசித்தார். அவர் எழுந்து வந்து பணத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் தம் இருக்கைக்குத் திரும்பினார். சற்றுநேரத்தில் அடுத்த வயலுக்கான பன்னிரண்டு பெயர்களை வாசித்தார்கள். ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ அவர் பெயரும் வந்தது. மறுபடி எழுந்து, மற்றவர்களோடு சேர்ந்து உறுதிமொழி எடுத்துக்கொண்டார்.